டெக், சூப்பர் ஸ்பீட், ஃபேட்பாய்: பழைய ஜில்லெட்டில் எதை வாங்கலாம்?

பழைய சேஃப்டி ரேசர்மீது ஆசை வந்தவர்கள் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் ஜில்லெட்டிடம்தான். அதிலும் போட்டி மூன்று மாடல்களுக்கு இடையில்: 1938-ல் வந்த டெக், 1947-ல் வந்த சூப்பர் ஸ்பீட், 1950-களின் கடைசியில் வந்த '195' அட்ஜஸ்டபிள். இந்த மூன்றாவதைத் தடித்த கைப்பிடிக்காகச் சேகரிப்பாளர்கள் ஃபேட்பாய் என்று அழைக்கிறார்கள். முதல் இரண்டையும் சொந்தமாக வைத்திருக்கிறேன். ஃபேட்பாயை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிக் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன். காலையில் என் கை தேடிப் போவது டெக்கைத்தான். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றுமே நன்றாக மழிக்கும். மூன்றுக்கும் அதே இருபுறக் கூர் பிளேடு. மளிகைக்கடையில் இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளேடு செலவில் வித்தியாசமே இல்லை என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம். வேறுபாடு பிளேடைப் பிடித்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. டெக் மூன்று துண்டு: மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி. கைப்பிடியைத் திருகினால் மூன்றும் இறுகிவிடும். சூப்பர் ஸ்பீடில் கைப்பிடியின் அடிக்குமிழைத் திருப்பினால் தலையிலுள்ள இரண்டு தகடுகளும் சன்னதிக் கதவு போலத் திறக்கும். ஃபேட்பாயிலும் அதே கதவுகள்தான். கூடவே கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் உண்டு. எண் கூடக்கூட பிளேடு அதிகம் வெளியே தெரியும், சவரமும் கடுமையாகும்.

பார்க்க அழகு, கையாளச் சுகம் என்றால் கதவு வைத்தவைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பொருளை வாங்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, இதை எப்படிச் சுத்தம் செய்வது என்பது.

போர்வெல் தண்ணீரில் சவரம் செய்கிறவர்களுக்கு அதன் காரணம் தெரியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படலமாகப் படிகின்றன. டெக்கில் இந்தப் படலம் சேரும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்: அடித்தட்டில் உள்ள துளைகளின் மூலைகள், மேல்மூடியின் உட்புறம், மரைகளின் இடுக்கு. கழற்றிப் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு வைத்துத் தேய்த்தால் நொடியில் போய்விடும். துணியால் ஒற்றிக் காயவைத்தால் வேலை முடிந்தது.

சூப்பர் ஸ்பீடின் உள்ளே, கைப்பிடி நெடுக ஒரு தண்டு ஓடுகிறது. குமிழைத் திருப்பும்போது கதவை ஏற்றி இறக்குவது அதுதான். சோப்புத் தண்ணீர் அங்கேயும் இறங்கும், பிரஷ் இறங்காது. வீட்டில் கழற்றி மாட்டும்படி அதை அவர்கள் செய்யவில்லை. பல கை மாறி வந்தவற்றில் குமிழ் இறுகிப்போயிருப்பதும், ஒரு கதவு மற்றதைவிடச் சற்றுப் பிந்தி மூடுவதும் சகஜம். வெந்நீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தால் பல நேரம் இளகிவிடும். வினிகரில் போடச் சொல்வார்கள். நிக்கல் முலாம் தேய்ந்த இடத்தில் அமிலம் பித்தளையைத் தின்னும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஃபேட்பாயில் இவற்றோடு அந்த வளையத்தின் பாகங்களும் சேர்கின்றன. இரவல் பழக்கத்தை வைத்து அதன் நீண்டகால உழைப்பைப் பற்றி நான் அடித்துப் பேச முடியாது. ஆனால் அசையும் பாகம் கூடினால் அழுக்குக்கு இடமும் கூடும்.

டெக்கின் இன்னொரு பலம், உறுப்பு மாற்று. கைப்பிடியின் மரை போய்விட்டால் ரேசரே போயிற்று என்று அர்த்தமில்லை. அதன் மரை அளவு இன்றைய மூன்று துண்டு ரேசர்களின் எம்5 மரைக்கு மிக நெருக்கம் என்பதால், பெரும்பாலும் புதிய கைப்பிடியே பொருந்திவிடும். கதவு வளைந்த சூப்பர் ஸ்பீடுக்கு இப்படி ஒரு வழி கிடையாது.

டெக் சளைக்கும் இடங்களும் உண்டு. நாலைந்து நாள் தாடியை ஒரே இழுப்பில் எடுக்க அதனால் ஆகாது; மென்மையான ரேசர் அது, இரண்டாம் முறை நுரை பூசத்தான் வேண்டும். அந்த வேலைக்கு ஃபேட்பாயில் எண்ணைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம், அது பெரிய வசதிதான். கை நடுங்கும் பெரியவர்களுக்கும் கதவு வைத்ததையே சொல்வேன். பிளேடின் குட்டை முனைகளைப் பிடித்துக்கொண்டே திருகுவது அவர்களுக்குச் சிரமம்.

சேகரிப்பவர்களின் கணக்கு வேறு. அமெரிக்காவில் தயாரான சூப்பர் ஸ்பீடின் தலைக்கு அடியில் 'இசட் 4' என்று பொறித்திருந்தால் அது 1954-ன் கடைசிக் காலாண்டில் செய்தது. இந்தத் துப்பறியும் சுகத்துக்காகவே வரிசையாக வாங்குகிறவர்கள் உண்டு. மறுவிற்பனையிலும் ஃபேட்பாய்க்குத்தான் மவுசு. டெக் ஏராளமாகச் செய்யப்பட்டது, அதனால் மலிவு. சவரத்துக்கு வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி.

டெக் வாங்கும்போது அடித்தட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, கீழே விழுந்து ஓரம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளேடு மாட்டி, இருபுறமும் ஒரே அளவு கூர் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கதவு வைத்ததானால் விற்பவர் முன்னாலேயே குமிழைப் பல முறை திறந்து மூடுங்கள். எங்காவது சிக்கினால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், குறைக்காவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.