சான்றிதழ் மேலாண்மை மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளைப் பின்தொடர்தல்: நான்காண்டு அனுபவம்

2021ஆம் ஆண்டின் நடுவில் எங்கள் நிறுவனம் ஒரு வணிகச் சான்றிதழ் மேலாண்மை மென்பொருளை நிறுவியபோது, அதன் பாதுகாப்பு ஓட்டைகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு சர்வர் உண்மையானதுதான் என்று இணையத்தில் நிரூபிக்கும் டிஎல்எஸ் சான்றிதழ்களைத் தேடிக் கண்டுபிடிப்பது, காலாவதிக்கு முன் புதுப்பிப்பது, சர்வர்களில் நிறுவுவது ஆகிய வேலைகளை அது குறை சொல்ல முடியாதபடி செய்கிறது. நான் எழுத வந்தது, அதற்குள் இருக்கும் ஓட்டைகளை வெண்டர் (அதை விற்ற நிறுவனம்) எப்படித் தெரிவிக்கிறது, அந்தத் தகவலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பற்றி மட்டுமே.

தொடக்கத்தில் வெண்டரின் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்துகொண்டு, அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளமான என்விடியில் அந்த மென்பொருளின் பெயர் வந்தால் எச்சரிக்கும்படி ஓர் ஏற்பாடும் செய்துவைத்தேன். இவை போதும் என்ற நினைப்பு ஆறு மாதம்தான் தாங்கியது. 2021 டிசம்பரில் ஜாவா மென்பொருள்கள் நிகழ்வுப் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, தன் தயாரிப்புக்குப் பாதிப்பில்லை என்று வெண்டர் முதல் நாளே அறிவித்துவிட்டது. ஓட்டைகளைத் தேடும் எங்கள் ஸ்கேனரும் எதையும் காட்டவில்லை. மனம் ஒப்பாமல் நிறுவல் கோப்புறையில் இருந்த வார் கோப்புகளை (ஜாவா நிரல்களைச் சுருக்கி வைக்கும் தொகுப்புகளை) ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தபோது, அறிக்கை தயாரிக்கும் பகுதிக்குள் லாக்4ஜே-கோர் 2.13.3 ஜார் கோப்பு உட்கார்ந்திருந்தது. ஸ்கேனர் மேல்மட்டக் கோப்புப் பெயர்களோடு நின்றுவிட்டிருக்கிறது. முழுப் பாதையையும் குறிப்பிட்டு வெண்டரிடம் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்ட நான்காம் நாள் அதன் அறிவிப்புப் பக்கம் திருத்தப்பட்டது. ஆனால் மேலே இருந்த தேதி மாறவில்லை. திருத்தியதாக மின்னஞ்சலும் வரவில்லை. அந்த மாதத்திலேயே லாக்4ஜேயின் 2.15.0 முதல் 2.17.1 வரை நான்கு பதிப்புகள் வந்ததால், வெண்டரின் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கைக்குக் கிடைத்தபோது அதற்குள் இருந்த 2.15.0 பழசாகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த அறிவிப்புப் பக்கத்தின் உரையைத் தினமும் சேமித்து முந்தைய நாள் பிரதியோடு ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய எந்தக் கருவியையும்விட அதுதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஓட்டையின் தீவிரத்தைக் குறிக்கும் மதிப்பெண்களைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது 2022 மார்ச்சில் வெளியான சிவிஇ-2022-0778 என்ற எண்ணுள்ள ஓட்டை. பிழையான நீள்வட்ட வளைவு அளவுருக்கள் கொண்ட சான்றிதழைப் படிக்க நேர்ந்தால், குறியாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் வர்க்கமூலம் கணக்கிடும் பகுதி முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொள்ளும். கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கு முன்பே சான்றிதழ் படிக்கப்பட்டுவிடுவதால், அது யார் கையொப்பமிட்டது என்ற கேள்விக்கே இடமில்லை. சிவிஎஸ்எஸ் (தீவிர) மதிப்பெண் பத்துக்கு 7.5, சேவைத் தடங்கல் மட்டுமே என்பதால் அடுத்த காலாண்டுப் பதிப்பில் சரிசெய்வதாக வெண்டர் எழுதியது. எங்கள் மென்பொருளின் தேடல் பகுதியோ, வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு போர்ட்டையும் தட்டி, யார் எந்தச் சான்றிதழை நீட்டினாலும் வாங்கிப் படிப்பதையே தொழிலாகக் கொண்டது. தேடல் நின்றால் காலாவதி எச்சரிக்கை நிற்கும். எச்சரிக்கை நின்றால் என்றோ ஒருநாள் ஏதோ ஒரு சேவை விழும். சோதனைச் சூழலில் அப்படியொரு சான்றிதழை வைத்துப் பார்த்தேன். ஒரு சிபியு கோர் நூறு சதவீதத்தில் ஓட, 'தேடல் நடைபெறுகிறது' என்ற பச்சை அடையாளம் மறுநாள் காலைவரை திரையில் அசையாமல் இருந்தது. ஓட்டை சரிசெய்யப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1என் பதிப்போடு பேட்ச் வரும்வரை, அனுமதித்த முகவரிகளை மட்டும் தேடவிட்டு, நேர வரம்பைத் தாண்டிய தேடலை நிறுத்தும்படி ஏற்பாடு செய்து சமாளித்தேன்.

2024 பிப்ரவரியில் புதிய பதிவுகளை ஆராய்ந்து தயாரிப்புப் பெயர் சேர்க்கும் வேலை என்விடியில் தேங்கியபோது, பெயரை நம்பியிருந்த என் எச்சரிக்கைகளும் ஓய்ந்தன. அந்த அமைதியை நல்ல செய்தியாக ஓரிரு வாரம் எடுத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வெண்டரிடம் உட்கூறுப் பட்டியலை (மென்பொருளுக்குள் இருக்கும் நூலகங்களின் பட்டியலை) கேட்டு வாங்கி, ஒவ்வொரு நூலகத்தின் சொந்த அறிவிப்போடும் நேரடியாக ஒப்பிடத் தொடங்கினேன். பட்டியல் எப்போதும் ஒரு பதிப்பு பின்தங்கியே வருகிறது. இருந்தாலும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. இந்த மென்பொருளின் தரவுத்தளத்தில் தனிச்சாவிகள் (சான்றிதழ்களோடு இணைந்த இரகசியச் சாவிகள்) இருக்கின்றன. 2014இல் சர்வரின் நினைவகத்தைக் கசியவிட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டை வந்தபோது, பேட்ச் போட்டபின் சாவிகளை மாற்றிச் சான்றிதழ்களை மறுபடியும் பெற வேண்டியிருந்தது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும், சேமித்த சாவிகளை ஓட்டையின் வழியாக யாராவது படித்திருக்க முடியுமா என்பதை வெண்டரின் எந்த அறிவிப்பும் தானாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் டிக்கெட் போட்டுக் கேட்கிறேன். முதல் பதில் பொதுப்படையாகவும், இரண்டாவது பதில் பொறியாளரிடமிருந்து தெளிவாகவும் வருகிறது. முதல் பதிலோடு டிக்கெட்டை மூடிவிடாமல் இருப்பது பாதி வேலை.

மேம்படுத்தும்போது புதுப்பித்தல் சேவை அரை நாள் நிற்கிறது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைவதால், அந்த அரை நாளுக்கு இடம் கண்டுபிடிப்பதே சிரமமாகும். அடுத்த ஒப்பந்தத்தில் நிறுத்தமில்லா மேம்படுத்தலையும், திருத்திய அறிவிப்புகளுக்கு மின்னஞ்சலையும் கேட்டிருக்கிறேன். இரண்டாவதற்குச் சம்மதம் வந்துவிட்டது. ஸ்கிரிப்டை இன்னும் நிறுத்தவில்லை.