டிஸ்க் மாற்றியும் பிரேக் பிடிக்கவில்லையா: பூஸ்டரா, சின்ன மாஸ்டர் சிலிண்டரா?

பழைய அம்பாசடருக்கு முன்பக்கம் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்ட பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில் திண்டாடுகிறார்கள். மாஸ்டர் சிலிண்டர்தான் பெடல் மிதியை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றுவது; பூஸ்டர் வேக்கத்தின் (வெற்றிடத்தின்) உதவியால் அந்த மிதிக்குப் பலம் கூட்டுவது. டிரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே ஷூவை (உள்ளே உரசும் கட்டையை) இழுத்து அழுத்தும். டிஸ்கில் அந்த உதவி கிடையாது. அதனால் கூடுதல் ஆயில் அழுத்தம் வேண்டும்.

முதலில் பெடலைப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. டிஸ்கை இருபுறமும் கவ்வும் காலிப்பர் இடது, வலது மாறியிருந்தால், காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் கீழே போய்விடும், காற்று வெளியேறவே வழியில்லை. கல் மாதிரி இறுகியும் வண்டி நிற்காவிட்டால்தான் கீழே உள்ள ஒப்பீடு.

செலவு: சிலிண்டர் குறைவு. பூஸ்டர் அதிகம், பிராக்கெட் வேலையும் சேரும்.

பெடல்: சிலிண்டரின் உள்விட்டம் 1 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலத்துக்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 30% கூடும், பெடலும் அதே அளவு அதிகம் இறங்கும். பூஸ்டரில் லேசாக மிதித்தால் போதும்.

பராமரிப்பு: பூஸ்டருக்கு வேக்கம் ஹோஸ், ஒருவழி வால்வு இரண்டையும் கவனிக்க வேண்டும். டீசல் என்ஜின் என்றால் பொதுவாக வேக்கம் பம்ப்பும் தேவை. சிலிண்டரில் ரப்பர் வாஷர்தான்.

எதை மாற்றினாலும், பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், டிரம்முக்கான பழைய ரெசிடுவல் வால்வு டிஸ்க் லைனில் இருக்கக் கூடாது. பேட் உரசிக்கொண்டே சூடேறும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டிக்குச் சின்ன சிலிண்டரே என் தேர்வு. தினமும் நெரிசலில் ஓட்டுபவர், கால் வலி உள்ளவர் பூஸ்டருக்கே செலவழிக்கலாம்.