ஜெர்மன் ஸ்பீக்கிங் பேட்ச்: காசு குடுத்து பேசக் கத்துக்கலாமா?

சென்னைல கோத்தே பி1 (கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்துற ஜெர்மன் எக்ஸாம், ஏ1, ஏ2 தாண்டி வர்ற மூணாவது லெவல்) எழுதப் போறவங்களுக்குன்னு பேச்சுப் பயிற்சி மட்டும் நடத்துற ஒரு வீக்எண்ட் கிளாஸ் போய்ட்டு வந்தேன், சின்ன பிரைவேட் இன்ஸ்டிட்யூட், கொஞ்சம் திட்டவும் போறதால பேரு போடல. பி1ல ரீடிங், லிசனிங், ரைட்டிங், ஸ்பீக்கிங்னு 4 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 வேணும். கிராமர்ல புலியா இருக்கறவங்களே ஸ்பீக்கிங்ல தான் முழிக்கிறாங்க.

மத்த இடத்துல ரோல் பிளேன்னா புக்ல இருக்க டயலாக்க ரெண்டு பேர் மாத்தி மாத்தி வாசிக்கணும், அவ்ளோதான். இங்க அப்படி இல்ல, ஆளுக்கு ஒரு கார்டு, அடுத்தவன் கார்டுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. பேக்கரி சீன்ல நான் கஸ்டமர், என் கார்டுல "கையில காசு இல்ல, கார்டு மட்டும் தான்", கடைக்காரப் பொண்ணு கார்டுல "நூர் பார்", அதாவது கேஷ் மட்டும் தான் வாங்குவாங்க (ஜெர்மனில இன்னும் நிறைய கடைல இது நிஜமாவே நடக்குது). அப்புறம் கெஞ்சணும், ஏடிஎம் எங்கன்னு கேக்கணும், ரொட்டிய எடுத்து வைங்கன்னு சொல்லணும், மனப்பாடம் பண்ணது ஒண்ணும் உதவாது.

டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேக்குற போன் கால்ல முதுகுக்கு முதுகு உக்கார வச்சாங்க, கை ஜாடை காட்டித் தப்பிக்க முடியாதுல்ல. ஆனா பெஸ்ட்னா பிளானிங் தான், எக்ஸாம்ல முதல் பார்ட்டே அது, பார்ட்னரோட சேந்து ஒரு விஷயத்த பிளான் பண்ணணும். நம்மாளுங்க எது சொன்னாலும் உடனே "யா, குட்டே இடே" (ஆமா, நல்ல ஐடியா)ன்னு தலையாட்டிருவாங்க, ஒரு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சிரும். அதுக்கு கிளாஸ் எடுக்குற மேடம் ஒருத்தருக்கு மட்டும் ரகசியமா "ரெண்டு தடவையாவது மறுத்துப் பேசு"ன்னு கார்டு குடுத்துட்டாங்க, மறுத்தா காரணம் சொல்லணும், காரணம்னா "வைல்" (ஏன்னா) வரும், வெர்ப் கடைசிக்குப் போகும், கிராமர் தானா வந்துருது.

குறைன்னா பேட்ச்ல ஆள் ஜாஸ்தி, மேடம் ஒரு மூலைல இருந்தா இன்னொரு மூலைல தமிழ்ல கிரிக்கெட் பேசிட்டு இருக்காங்க. இன்னொரு சார் இருக்காரு, பேசிட்டு இருக்கும்போதே டேர், டீ, தாஸ்னு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற ஆர்ட்டிக்கிள திருத்துவாரு, அதோட பேச்சே நின்னுரும். முடிஞ்சப்புறம் சொன்னா என்னவாம்?

எக்ஸாம்ல அடுத்து வர்ற பிரசன்டேஷன் பார்ட்டுக்கு இவங்க குடுக்குற பயிற்சி ஓரளவு ஓகே தான். ஆனா அது முடிஞ்சதும் பார்ட்னர் பேசுனத பத்தி ரெண்டு வார்த்த சொல்லி ஒரு கேள்வி கேக்கணும், அதுக்கும் மார்க் உண்டு, அத இவங்க சுத்தமா கண்டுக்கல, வீட்ல நீங்களே பழகிக்கணும்.

ஏ1 லெவல்ல இருக்கறவங்க இப்ப சேராதீங்க, வேடிக்கை தான் பாக்கணும். ஏ2 முடிச்சவங்க டெமோ கிளாஸ் கேட்டு வாங்கி உக்காருங்க, அதுல நீங்க எத்தன நிமிஷம் வாய் திறந்தீங்கன்னு பாத்துட்டு பீஸ் கட்டுங்க.