டெலிவரியா, டியூஷனா, ஆடா? ஆட்டக் காசுக்கு ஒரு பக்க வருமானம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற பையன், எனக்குத் தம்பி முறை. போன மாதம் வீட்டுக்கு வந்தவன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டான். “அண்ணே, சம்பளத்துல கை வைக்காம தனியா ஒரு முதல் சேத்து லாட்டரி, ரம்மின்னு ஆடணும்னு பாக்கேன். சாயங்காலம் எந்த வேலைக்குப் போனா சீக்கிரம் சேரும்?”

நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த தடவை என்னிடம் சொல்லாமலே ஆடுவான். அவன் நினைப்பில் பாதி சரியும்கூட. அரிசிக் காசும் ஆட்டக் காசும் ஒரே பையில் கிடந்து சீரழிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தனியாக வைக்க வேண்டும் என்று தோன்றியதே நல்ல விஷயம். அதனால் நம்ம ஊரில் அவனுக்குக் கைக்கெட்டுகிற வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவனோடு கணக்குப் போட்டேன்.

வேகமாகக் காசு வருவது டெலிவரியில்தான். ஜங்ஷன், பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்தரை வரை ஆர்டர் ஓடும். பைக் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, வேறு முதல் வேண்டாம். போனில் காட்டும் தொகையை மட்டும் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். டயர், பிரேக், ஆயில் சர்வீஸ் எல்லாம் மூன்று மாதம் கழித்து மொத்தமாக வந்து நிற்கும்.

எனக்குப் பயம் அந்தச் செலவு இல்லை. வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுக்கிற பணம், கம்பெனிக்குக் கட்டும் வரை பையனின் சட்டைப்பையில்தான் இருக்கும். எங்கள் உறவில் ஒருவன் பரோட்டாக் கடை வாசலில் அடுத்த ஆர்டருக்காகக் காத்து நின்றான். பையில் கம்பெனிக் காசு 1,800 ரூபாய். மூணு நம்பர் லாட்டரி எழுதுகிறவன் பக்கத்தில் வந்து நின்றான். அரைமணி நேரம்தான். மறுநாள் அந்த 1,800-ஐ வீட்டுக் காசிலிருந்து எடுத்துக் கட்டினான். எந்தக் காசைத் தொடக்கூடாது என்று இந்தத் தொழிலுக்குப் போனானோ, அதையே தொட வேண்டியதாகிவிட்டது.

மூணு நம்பர் என்பது கேரள லாட்டரிச் சீட்டு முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே திருட்டுத்தனமாக நடக்கும் ஆட்டம். 000 முதல் 999 வரை 1,000 எண்கள். விழுவது ஒன்று. ஒரு ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால்கூட ஆடுகிறவனுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நடத்துகிறவன் தன் பங்கை எடுக்காமல் ஒருநாளும் கொடுப்பதில்லை. அப்படியானால் எவ்வளவு பெரிய முதலோடு போனாலும், போகப்போகக் குறையும். முதல் பெரிதாக இருந்தால் குறைவதற்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது டியூஷன். இது என் சொந்தத் தொழில். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் பலகை மாட்டினாலும் பிள்ளைகள் வரும். மாதம் பிறந்து முதல் வாரம் காசு மொத்தமாக வந்துவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் காய்ந்து கிடக்கும். தம்பிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு நன்றாக வரும், ஆனால் கடையிலிருந்து வரவே எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

இந்த டியூஷன் காசில்தான் நானும் ஒரு காலத்தில் லாட்டரிக்குத் தனியாக ஒதுக்கினேன். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. அதனால் மாதம் ஒருநாள் தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் பஸ். அப்போது சீட்டு 40 ரூபாய். பத்துச் சீட்டு. ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். இரண்டு வருஷத்தில் சீட்டுக்கு மட்டும் 9,600 ரூபாய். திரும்பி வந்தது 1,700. பஸ் காசை மூன்றாவது மாதத்திலேயே எழுதுவதை நிறுத்தியிருந்தேன். எழுதப் பிடிக்கவில்லை. அந்த நோட்டைத்தான் தம்பியிடம் எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “பம்பர் விழுந்தா?” என்றான்.

சரி, அதையும் பார்ப்போம் என்றேன். கேரள லாட்டரியின் ஓணம் பம்பர் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 10 சதவீதம் ஏஜென்ட் கமிஷன், மிச்சத்தில் 30 சதவீதம் வரி போனால் 15 கோடியே 75 லட்சம், அதிலும் கூடுதல் வரி கொஞ்சம் போகும். 2023-ல் நம்ம திருப்பூர் பக்கத்து ஆட்களுக்கே விழுந்தது. விழாது என்று நான் சொல்லவில்லை. சின்னப் பரிசுக்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: ஜெயித்த காசுக்கு வரி கட்டும்போது, தோற்ற காசை அதில் கழிக்க முடியாது. 60,000 தோற்று 20,000 ஜெயித்தவனும் அந்த 20,000-க்கு வரி கட்ட வேண்டியவன்தான்.

போனில் ரம்மி ஆடலாம் என்ற வழி அடைபட்டுவிட்டது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் மொத்தமாகத் தடை செய்துவிட்டது. இன்னமும் காசு வாங்குகிற ஆப் இருந்தால், அது பணத்தைக் கொடுக்காவிட்டால் நீ போய் யாரிடம் கேட்பாய்?

வீட்டில் இருந்து பார்க்கிற வேலை என்றால் பீடிதான். முக்கூடலில் என் அத்தை நாற்பது வருஷமாகச் சுற்றுகிறாள். மடியில் சுளகு, ஊறவைத்து நறுக்கிய இலை, தூள், நூல். இருபத்தைந்து ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கடையில் பார்க்கிறவர் சரியில்லை என்று ஒதுக்கினால் அது கூலியில் சேராது. அத்தை எதை வாங்கினாலும் “இது எத்தன ஆயிரம் பீடி?” என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பாள். அவள் காசு சீட்டுக்குப் போகாது, போகவிட மாட்டாள். ஆனால் தம்பிக்கு அந்த விரல் வேகம் வருவதற்குள் வருஷம் போய்விடும். தூள் நெஞ்சுக்கும் ஆகாது.

பத்தமடைப் பாய் கைத்தொழில், சாயங்கால வேலைக்கு வராது. ஆன்லைனில் முன்பணம் கட்டினால் வேலை தருகிறேன் என்பவனை நம்பாதே என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக ஆடு. அவன் அப்பாவுக்கு மானூர் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் கிடக்கிறது. அந்தக் காட்டுக்குக் கன்னி ஆடு தாங்கும். கறுப்பு உடம்பு, முகத்தில் கோடு. சினை ஐந்து மாதம், பல ஈற்றில் இரட்டைக் குட்டி. குட்டியைக் கிடாவாக்கிக் கோயில் கொடைக்கோ பக்ரீத்துக்கோ விற்றால்தான் நல்ல விலை. சிரமமும் உண்டு. கோடையில் தழைக்கு அலைய வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடத் தவறினால் பட்டியே போகும். பகலில் மேய்க்க அப்பா சம்மதிக்க வேண்டும். மாத வருமானம் என்று பார்த்தால் டெலிவரி பக்கத்தில்கூட வராது.

இருந்தும் நான் ஆட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அவன் கை எப்போது அரிக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு, ஒருநாள் விற்பனை மோசமாகிக் கடையில் பேச்சு வாங்கி வந்த நேரத்தில். அந்த நேரத்தில் டெலிவரிக் காசு பையில் இருக்கும். ஆடு பட்டியில் படுத்து அசைபோடும். அதைக் காசாக்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தை வரை பொறுக்க வேண்டும், கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும், அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டும். அதற்குள் அரிப்பு அடங்கிவிடும்.

மூன்று மாதம் டெலிவரி ஓட்டி இரண்டு பெட்டை ஆடு வாங்குவதாக முடிவு செய்திருக்கிறான். ரொக்க ஆர்டரை எடுப்பதில்லை, முடிந்தவரை. ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன செவ்வாய் சும்மா விலை விசாரிக்க இரண்டு பேரும் சந்தைக்குப் போனோம். தரகர் ஒருவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைக் காட்டி வயசு சொல்லிக்கொடுத்தார். தம்பி குனிந்து அவனே விரலால் தொட்டு எண்ணினான். “ரெண்டு பல்லுண்ணே,” என்றான்.