சென்னை – கன்னியாகுமரி, கடலோரமாக பைக்கில்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்றதும் வழி முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் அதிகம். கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஓரளவு அப்படித்தான். அதைத் தாண்டினால் சாலையின் பெரும்பகுதி கடலை விட்டு உள்ளே தள்ளியே போகிறது. கடலைப் பார்க்கக் கிளைச் சாலையில் இறங்கத்தான் வேண்டும். ராமேஸ்வரம், தனுஷ்கோடியைச் சேர்த்தால் மொத்தம் 900 கிலோமீட்டருக்கு மேல். இதை மூன்று நாளில் முடிக்கலாம், ஆனால் பார்த்ததெல்லாம் சாலையும் லாரியுமாக இருக்கும். ஐந்து நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கிளைச் சாலைக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போட்டு, ஒரு நாள் ஓட்டத்தை 200, மிஞ்சினால் 250 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள்.

முதல் நாள் புதுச்சேரி வழியாகச் சிதம்பரம். மரக்காணம் உப்பளங்களை வெயில் ஏறும் முன் கடப்பது நல்லது. பெட்ரோல் விலை புதுச்சேரியிலும் காரைக்காலிலும் குறைவு. இரண்டு இடத்திலும் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லைச் சோதனைச் சாவடிகளில் மதுபாட்டிலுக்காகப் பையைத் திறக்கச் சொல்வார்கள், அதனால் அங்கிருந்து எதையும் ஏற்றி வராதீர்கள். இரண்டாம் நாள் சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் தாண்டி வேதாரண்யம். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் தொடங்கிய கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது. பிரதான சாலையிலிருந்து சில நிமிடம்தான். வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் பூநாரை பார்க்க வாய்ப்புண்டு.

மூன்றாம் நாள்தான் நீளமானது: முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமேஸ்வரம். நான்காம் நாள் விடிகாலையில் தனுஷ்கோடி, பிறகு கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். கடைசி நாளில், கன்னியாகுமரி வரை, குறைந்த தூரமே இருக்கட்டும். மணப்பாடு, உவரி இரண்டிலும் நின்று நிதானமாகப் போக வேண்டும். மணற்குன்றின் மேல் தேவாலயமும் கீழே வளைந்து கிடக்கும் கடற்கரையுமாக, இந்த வழியில் மிக அழகான இடம் மணப்பாடுதான் என்பது என் உறுதியான கருத்து.

காலம்: ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்பகுதியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கும். தூத்துக்குடி தாண்டித் தெற்கே போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து தள்ளும். எதிரே வரும் பஸ் உங்களைக் கடக்கும் நொடியில் காற்று சட்டென்று மறைபட்டு, அடுத்த நொடி மொத்தமாக அறையும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்த்தி, இடப்பக்கம் ஒதுங்க இடம் விட்டு ஓட்டுங்கள். சீட்டுக்குப் பின்னால் உயரமாக மாட்டும் பெரிய டாப் பாக்ஸ் இந்தக் காற்றில் பாய்மரமாகிவிடும். சுமையைப் பக்கவாட்டுப் பைகளில் தாழ்வாகக் கட்டுவதே சரி. 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்திலும் இதே கவனம் தேவை. மழையில் அதன் இரும்பு இணைப்புகள் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது.

அறை கிடைக்காமல் திண்டாடுவது பெரும்பாலும் திருவிழா நாட்களில்தான். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, ராமேஸ்வரத்தில் ஆடி, தை அமாவாசைகள், திருச்செந்தூரில் கந்த சஷ்டி, குலசேகரன்பட்டினத்தில் தசரா. தேதி குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்.

இனி வண்டி. 125 முதல் 350 சிசி வரை எது இருந்தாலும் போதும்; சமதளச் சாலை இது. உண்மையான எதிரி உப்பு. சாதாரணமாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடுகிறவர்கள் இங்கே தினமும் இரவு விட வேண்டும். ஓட்டம் முடிந்ததும் செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து, உள்பக்கமாகச் செயின் எண்ணெய் ஸ்ப்ரே அடித்து விட்டால் காலைக்குள் ஊறி இறுகும்; கிளம்பும் நேரத்தில் அடித்தால் அது மணலைத்தான் பிடித்து வைக்கும். ஓ-ரிங் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள) செயினுக்கு பெட்ரோல் போட்டுக் கழுவாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். மேனுவலில் தொய்வு 25–35 மி.மீ. என்றிருந்தால் 30க்கு மேலேயே வையுங்கள். சுமையோடு ஆள் உட்கார்ந்ததும் செயின் இறுகும்.

தனுஷ்கோடி போய்வந்த அன்றே வண்டியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், இன்ஜின் ஆறிய பிறகு. வாட்டர் சர்வீஸ் கன்னைச் சக்கர பேரிங், செயின் பக்கம் நேராகக் காட்டினால் உப்பு நீரை உள்ளே தள்ளிவிடும். வாளித் தண்ணீரே மேல். பேட்டரி முனைகளில் கிளம்பும் முன்பே வாசலின் தடவுங்கள். காலையில் பிரேக் டிஸ்க்கில் தெரியும் மெல்லிய துரு, மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் போய்விடும். ஹெல்மெட் கண்ணாடியில் உப்புப் படலம் படிந்தால் ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும், பிறகு எதிரே வரும் விளக்கு வெளிச்சத்தில் சாலை தெரியாது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் பஞ்சருக்கு முக்கியக் காரணம் சீமைக் கருவேல முள். தார் விளிம்பை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தும்போதுதான் ஏறும். ட்யூப்லெஸ் என்றால் முள் உள்ளேயே முறிந்து நின்று காற்று மெல்லக் கசியும். தினமும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ட்யூப் டயராக இருந்தால் முன், பின் இரண்டுக்கும் ஒவ்வொரு ட்யூப் கையில் வேண்டும். புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணி சுற்றிய விரலால் முழுவதும் தடவி, முறிந்த முள்நுனியை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பத்து கிலோமீட்டரில் மறுபடியும் பஞ்சர். கூடவே கிளட்ச் கேபிள், ஃப்யூஸ், பஞ்சர் கிட், சிறிய பம்ப். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்று. மணலில் வண்டி சாய்வது பெரும்பாலும் அது இல்லாததால்தான்.

அறுவடைக் காலத்தில் சில இடங்களில் கதிரைச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். வைக்கோல் வழுக்கும், ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சுற்றும், சூடான சைலன்சரில் பட்டால் கருகும். வேகத்தைக் குறைத்து ஓரமாகச் சுற்றிப் போவதே வண்டிக்கும் விளைச்சலுக்கும் நல்லது. நாகப்பட்டினம், மண்டபம் பக்கம் மீன் லாரிகளின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஒழுகும் தண்ணீர் வளைவுகளில் சறுக்கும். தொண்டியிலிருந்து தெற்கே அந்தி நேரத்தில் ஆடுமாடுகள் சாலைக்கு வரும்; ஆறு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குத் தனியாகச் சில. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது; 2017இல்தான் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது, அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது. மாலையில் உள்ளே விடமாட்டார்கள். காற்று நாட்களில் சாலைமீது மணல் திட்டாகப் படிந்திருக்கும். அதன்மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக் தொடாமல், நேராகக் கடக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பையும் எடுத்துப் போங்கள்.