மூக்குமுடியா, ஒற்றைக் குத்தா?

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில் கிறுக்குச் சண்டை எதுவாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது, அங்கே யார் முகத்தைச் சீரியஸாக வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அந்த ஆள் இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்.

2003-ல் தொடங்கி 76 எபிசோட் ஓடிய 'போபோபோ-போ போ-போபோ'வில் அந்த வேலை பியூட்டி என்ற பெண்ணுக்கு. எல்லோரையும் மொட்டையடிக்கக் கிளம்பிய பேரரசின் முடி வேட்டைப் படையை, நாயகன் தன் மூக்குமுடியைச் சாட்டையாக வீசி அடிக்கிறான். நடுச்சண்டையில் திடீரென வேஷம் மாற்றி நாடகம் போடுவான். எதிரிக்கு அடியைவிட இந்தக் குழப்பம்தான் அதிகம் வலிக்கும். பியூட்டி ஒவ்வொன்றுக்கும் கண் பிதுங்கக் கத்துவாள். ஜப்பானில் இருவர் சேர்ந்து செய்யும் மன்சாய் என்ற நகைச்சுவை மேடையில் உளறுபவர் போகே, அதட்டுபவர் ட்சுக்கோமி, அதே ஏற்பாடுதான். ஆனால் பல ஜோக்குகள் ஜப்பானியச் சிலேடைகள், சப்டைட்டிலில் செத்துப்போகும். தொடர்ந்து மூன்று எபிசோட் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

2015-ல் மேட்ஹவுஸ் தயாரித்த 'ஒன் பஞ்ச் மேன்' முதல் சீசன் இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே சீரியஸ் முகம் எதிரிக்கு. மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். இவ்வளவு பலம் எப்படி வந்தது என்று கார்னேஜ் கபுட்டோ என்ற அரக்கன் நடுங்கிப்போய்க் கேட்கிறான். தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று நாயகன் சைதாமா பெருமையாகச் சொல்கிறான். கூட நிற்கும் சீடன் ஜெனோஸுக்கே கோபம் வருகிறது. அப்புறம் கபுட்டோ வெறி பிடித்து, அடுத்த சனிக்கிழமை வரை இது அடங்காது என்று கர்ஜிக்கிறான். அடுத்த சனிக்கிழமையா? அப்படியானால் இன்றைக்கும் சனிக்கிழமை! சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி நாள்! சைதாமா பதறிப்போய் விடும் ஒரே குத்தில் கபுட்டோ காலி. ஒரு வரிகூட மொழிபெயர்ப்பில் சேதமாகாத காட்சி. இதே ஆளால் முந்தைய எபிசோடில் ஒரு கொசுவை அடிக்க முடியவில்லை.

'கின்டாமா' இரண்டுக்கும் நடுவே. யாக்யூ என்ற வாள்வீரர் குடும்பத்துடன் நடக்கும் மோதலில், உடம்பில் கட்டிய தட்டு உடைந்தால் அவுட். இந்த மானப்பிரச்சினைக்கு நடுவே வீரர்கள் டாய்லெட் பேப்பர் இல்லாமல் கழிப்பறையில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரமாதம்தான், ஆனால் ஆட்களைப் பழகப் பல எபிசோட் பொறுமை வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது சைதாமாவைத்தான். போபோபோ, உடன் இரண்டு நண்பர்கள் இருக்கும்போது. பியூட்டியோடு சேர்ந்து கத்த ஆள் வேண்டுமே.