கடலோரத்தில் பிளாட் பார்க்கப் போகும் நீலகிரிக்காரர்களுக்கு

குன்னூரில் இருந்து எழுதுகிறேன். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பிளாட் வாங்கி, 66 லட்சத்தை அதில் போட்டு, இப்போது மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு நடந்துகொண்டிருக்கிறவள். கேஸ் முடியாததால் கட்டியவர் பெயர், தெருப் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் பல குடும்பங்கள் அதே சாலைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.

காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான். பச்சைத் தேயிலைக்கு வருகிற காசு பறிக்கூலிக்கும் உரத்துக்கும் சரியாகப் போகிறது. பிள்ளைகளுக்கு ஓ.எம்.ஆரில் வேலை, அங்கே வாடகை ஏறிக்கொண்டே போகிறது. நாங்களும் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றோம். மகள் பக்கத்தில் இருந்த மாதிரியும் ஆச்சு, குளிர் மாதங்களில் நாமும் போய் இருக்கலாம் என்று நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டோம்.

2022 பொங்கல் முடிந்த வாரம் வீடு பார்க்கப் போனோம். கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் வைத்த ஸ்டில்ட் தளம், அதற்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடாக மொத்தம் ஆறு. கடற்கரைக்கு நடந்தே போகலாம். குன்னூர்க்காரி வீடு பார்த்தால் என்ன கேட்பாளோ அதை எல்லாம் கேட்டேன். காலை வெயில் உள்ளே வருமா? சுவரில் ஓதம் ஏறுமா? பின்பக்கம் மண் சரியுமா என்றுகூடக் கேட்டேன். புரோக்கர் தம்பி சிரித்துவிட்டார். கடைசியாக, எங்கள் ஊரில் யாரும் மறக்காத கேள்வி: "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?"

குன்னூரில் ரேலியா அணைத் தண்ணீரை நம்பி இருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். கோடையில் பத்து நாள், பதினைந்து நாள் என்று குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். டிரம், குடம், சின்டெக்ஸ் என்று வீட்டில் பாதி இடம் தண்ணீருக்கே போய்விடும். அந்தத் தம்பி சொன்னார்: "அம்மா, இங்க இருபத்தி நாலு மணி நேரமும் தண்ணி. போர் அறுபது அடியிலயே பொங்குது." சமையலறைக் குழாயைத் திறந்தும் காட்டினார். கையில் பிடித்துக் குடித்தேன், நன்றாகவே இருந்தது. எனக்கு அப்போதே அந்த வீட்டின்மேல் மனசு விழுந்துவிட்டது.

மலையில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்போம். இருந்தால் அது நல்ல தண்ணீர்தான், அதில் நமக்குச் சந்தேகமே வராது. கடலோரத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கும். அது என்ன தண்ணீர் என்பதுதான் அங்கே கேள்வி.

சித்திரை மாதம் பால் காய்ச்சினோம். மறுநாள் காலையில் சந்தோஷமாக டீ போட்டேன். எங்கள் கொழுந்து போகிற பாக்டரியிலேயே வாங்கிய தூள், ஊரிலிருந்து இரண்டு கிலோ கொண்டு போயிருந்தேன். கொதித்ததும் வாசனையே எழவில்லை. வடிகட்டினால் மரப்பட்டைக் கஷாயம் மாதிரி கறுத்து இருக்கிறது, மேலே எண்ணெய் மிதப்பதுபோல் மங்கலாக ஓர் ஏடு. ஊதினால் அந்த ஏடு துண்டு துண்டாக உடைந்து ஓரத்தில் ஒட்டுகிறது. ஒரு வாய் குடித்த வீட்டுக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சர்க்கரை டப்பான்னு உப்பு டப்பாவை எடுத்துட்டியா?" என்றார்.

அன்று மதியம் மகள் ஆன்லைனில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஆர்டர் போட்டாள், சில நூறு ரூபாய்தான். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. எங்கள் குழாய் காட்டியது 2640. பிறகு மே மாதக் கடைசியில் பார்த்தபோது 3000-ஐத் தாண்டிவிட்டது.

அப்படியென்றால் ஜனவரியில் நான் குடித்தது? அதைச் சொன்னவர் தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கிற பெரியவர். "பார்ட்டி வர்ற அன்னைக்கு லாரித் தண்ணி வாங்கி மேல் டேங்க்ல ரொப்புவாங்கம்மா. அந்த பில்டிங் துணி எதுவும் வெளுக்காது, பாருங்க." புரோக்கர், பில்டர், வக்கீல் என்று ஆறேழு பேரிடம் பேசியிருக்கிறோம். பத்தடி தள்ளி நின்ற இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பக்கம் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டுதான். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கும். அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர். ஒவ்வொரு மனையிலும் போர் போட்டு, லாரிக்கும் உறிஞ்சி விற்றால் உப்பு மேலே ஏறிவிடும், ஏறியது சுலபத்தில் இறங்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஜனவரியில் பார்த்தால் கொஞ்சம் தேவலாம்போல் இருக்கும். மே மாதம்தான் உண்மை தெரியும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லிருந்து ஓடுகிறது என்று பில்டர் ஆபீசில் பெருமையாகச் சொன்னார்கள். ஆலை ஓடுகிறது, எங்கள் தெருவுக்குக் குழாய்தான் வரவில்லை. இந்தக் கடலோரப் புறநகர்கள் 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன என்பதை வைத்து, குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தானாக வந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவாரியாகக் கேளுங்கள்.

சரி, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் போட்டுச் சமாளிக்கலாம் என்று இருந்தோம். நாலே மாதத்தில் மெம்பரேன் போச்சு. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் சாக்கடைக்குப் போனது. குன்னூரில் குடம் குடமாய்ச் சேர்த்து வைக்கிறவளுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த மறுவாரம். மகள் போன் செய்தாள், பால்கனியில் காயப்போட்ட துணி மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்திருக்கிறது என்று. போய்ப் பார்த்தேன். சீலிங்கில் கம்பி வெளியே தெரிகிறது, துரு வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வருகிறது. மலையிலும் ஈரம்தான். எங்கள் அப்பா வீட்டுத் தகரக் கூரை ரெட் ஆக்சைடு பூசிப் பூசியே நாற்பது வருஷம் நின்றது. இந்தக் கட்டடத்துக்கு வயசு இரண்டு.

உறவில் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார், கையோடு அழைத்துப் போனேன். பெயர்ந்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் கான்கிரீட் 12 மில்லிமீட்டர். கடல்காற்று படுகிற இடத்தில் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதிப்படி அந்தக் கவர் 45 மில்லிமீட்டர் வேண்டும், கான்கிரீட்டின் தரம் எம் 30 ஆக இருக்க வேண்டும் என்றார். அதைவிட அவர் அடுத்துக் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: "கட்டும்போது எந்தத் தண்ணில கலவை போட்டாங்க? எதை ஊத்தி கியூரிங் பண்ணாங்க?" அதே போர் தண்ணீர்தான், வேறென்ன. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதாம். உப்பு வெளியிலிருந்து வந்து சேரும் முன்னாலேயே உள்ளே இருந்திருக்கிறது. துருப்பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் மேலே இருப்பது வெடித்து விழும், பூச்சு வேலை செய்து பிரயோஜனம் இல்லை என்றார்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்குப் போகலாம் என்று பார்த்தோம். அந்தச் சட்டம் பொருந்துகிற திட்டமாக இருந்தால், கட்டுமானக் குறைக்கு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம் பில்டர்தான் பொறுப்பு. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமல் இருந்தாலோ ரெராவில் பதிவு தேவையில்லை. எங்களுடையது ஒன்றரை கிரவுண்டில் ஆறு வீடு. வாங்கும்போது "சின்ன பில்டிங், குடும்பம் மாதிரி இருக்கலாம்" என்று சொன்னதன் இன்னொரு அர்த்தம் இது.

பத்திரத்தில் ஏமாற்று இல்லையா என்று கேட்பீர்கள். பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் சுத்தம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்கூட, நமக்கு இங்கே மலைப் பகுதிப் பாதுகாப்புக்கான ஹாகா அனுமதி மாதிரி, பிளான் அனுமதியில் சரியாகவே இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கோட்டைவிட்டோம்: யு.டி.எஸ்., அதாவது மனையில் நம் பெயருக்கு எழுதித் தரும் பிரிபடாத பங்கு. மனை 3600 சதுர அடி. ஆறு வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 600 வர வேண்டும். எங்கள் பத்திரத்தில் 480. ஆறு பேருக்கும் அப்படித்தான். மீதி 720 சதுர அடி இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறது, நாலாவது மாடி ஏற்றுகிற உத்தேசத்தோடு. குன்னூரில் ஏழு மீட்டருக்கு மேல் கட்டவே முடியாது என்று பழகிய எங்களுக்கு, தலைக்கு மேல் இன்னொருவர் கட்டுவார் என்று தோன்றவே இல்லை. லோன் போட்டிருந்தால் பாங்கு வக்கீலாவது கேட்டிருப்பார். தோட்டம் விற்ற காசு கையில் இருந்தது, கடன் வேண்டாம் என்று பெருமையாக மொத்தத்தையும் கட்டிவிட்டோம். கொஞ்சமாவது லோன் போடுங்கள், அவர்கள் செய்கிற விசாரணைக்காகவே.

கட்டிய தொகை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையம்தான். வாய்தாவுக்கு வாய்தா மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கிறேன். அடுத்தது ஆடி மாதம்.

போன வாரம் அருவங்காட்டிலிருந்து ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்தது. அதே சாலையில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறார்கள், சனிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்களாம். டி.டி.எஸ். மீட்டரைக் கொடுத்து அனுப்பினேன். மேல் டேங்க் தண்ணீரில் முக்காதீர்கள், மோட்டாரைப் போடச் சொல்லி போரிலிருந்து நேராக வருவதில் முக்குங்கள், பக்கத்துக் கட்டடத்து ஏ.சி. பெட்டியின் பின்பக்கத்தையும் ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்தையும் துரு இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், முடிந்தால் மே மாதம் ஒருதடவை போய்விட்டு வந்து பணம் கொடுங்கள் என்றேன். "அதுக்குள்ள வேற பார்ட்டிக்குப் போயிடும்னு சொல்றாங்கக்கா" என்றார் அந்த அம்மா. எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.